திருகோணமலைக்குக் குடிவந்தவர்களுக்கு: ஆடிப்பட்டத்தை மறந்துவிடுங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகவோ திருமணமாகியோ திருகோணமலைக்கு வந்து, வாடகை வீட்டின் மாடியில் நாலு தொட்டி வைக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. மொழியும் சோறும் சாமியும் ஒன்றாகவே இருப்பதால், வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்பது முதலில் உறைக்காது. மாதக் கடைசியில் மளிகைக் கணக்கைக் கூட்டும்போது உறைக்கும்.

முதலில் "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பதை மூட்டை கட்டி வையுங்கள். ஆடியில் இங்கே வீசுவது கச்சான் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய வெறும் சூடாக இந்தப் பக்கம் இறங்குகிறது. வைகாசி முதல் ஆவணி வரை காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் போன இடம் தெரியாது. இந்த மாவட்டத்துக்கு மழை என்றால் வடகிழக்குப் பருவம்தான், ஐப்பசியில் தொடங்கித் தை வரை. வயல்காரர்கள் பெரும்போகம் (மழைக்கால நெற்பயிர்) விதைப்பதும் அந்த மழையை நம்பித்தான். தொட்டிக்கும் அதே கணக்கு: புரட்டாசியில் நாற்று, முதல் மழைக்குப் பிறகு நடவு. கார்த்திகை அடைமழை வருவதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் நாற்று அழுகிவிடும்.

கடலின் கணக்கு இதற்கு நேர் எதிர். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது வெயில் மாதங்களில். அப்போது மேற்குக் கரை கொந்தளிப்பதால் அங்குள்ள மீனவர்களும் இங்கே வந்து தங்கித் தொழில் செய்கிறார்கள். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் படகுகள் குறையும், மீன் விலை ஏறும். ஆக, தொட்டி காயும் மாதங்களில் மீன் மலிவு. மீன் எட்டாத மாதங்களில் கீரை தழைக்கும். எல்லா மாதமும் ஒரே சாப்பாட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு "இலங்கையில் விலைவாசி தாங்க முடியவில்லை" என்று புலம்புகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஆவணியில் சூடையும் சாளையும் மலியும்போது வாங்கி, நல்ல வெயிலிலேயே கருவாடாக்கி வைத்தால் கார்த்திகை, மார்கழிக்கு உதவும். முழுநிலவை ஒட்டிய நாட்களில், வெளிச்சம் காட்டிப் பிடிக்கும் சிறு மீன் வரத்துக் குறையும். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், இறைச்சிக் கடையும் திறக்காது. அந்த வாரத்துக்குப் பருப்பு, முட்டை, கருவாடு என்று முன்பே யோசித்து வைப்பது நல்லது.

இனித் தொட்டிக்கு வருகிறேன். கத்தரிக்காய் போடாதீர்கள் என்றால் எல்லோருக்கும் கோபம் வருகிறது. ஒரு குடும்பம் ஒரு வேளைக் குழம்புக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்கும். மாடியில் இருக்கும் இரண்டு செடி வாரம் முழுக்க அதைத் தராது. உங்கள் செடி காய்க்கிற நேரத்தில் சந்தையிலும் அது குவிந்து கிடக்கும். சிறு இடத்தில் காசு மிச்சப்பட வேண்டுமென்றால், கைப்பிடியளவாக அடிக்கடி வாங்குகிறவற்றை வளர்க்க வேண்டும்: கறிவேப்பிலை, பச்சைமிளகாய், ரம்பை (கறிக்குப் போடும் வாசனை இலை), வல்லாரை, பொன்னாங்கண்ணி, பசளி. கட்டாக வாங்கி, பாதியைப் பயன்படுத்தி, மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் கறுக்க விட்டு எறிவது இவற்றைத்தான். கத்தரி இல்லாமல் மனம் ஆறாது என்பவர்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரால் வரும் ஊதா இரகத்தைப் போடலாம். நெல்லைக்காரர்கள் அதைக் கேட்டவுடனே வாங்கிவிடுகிறார்கள்!

பொன்னாங்கண்ணிக்கு விதை வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் இலையை ஆய்ந்துகொண்டு, முற்றிய தண்டை ஒரு சாண் நீளம் நறுக்கி ஈர மண்ணில் ஊன்றினால் போதும், கணுவிலிருந்து வேர் விடும். கங்குன் என்ற வள்ளைக்கீரையும் அப்படியே. பசளிக்கொடியை மாடிக் கைப்பிடியில் ஏற்றிவிடலாம். வல்லாரைக்கு மட்டும் அரை நிழலும் எந்நேரமும் ஈரமும் வேண்டும். ஆழத் தொட்டி தேவையில்லை, அகலமான பழைய பேசின் போதும். இலையைப் பொடியாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ (துருவல்), உப்பு சேர்த்து, தேசிக்காய் (எலுமிச்சை) பிழிந்து பிசைந்தால் சம்பல். அடுப்பே தேவையில்லை.

மண்ணுக்கு அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை. செம்மண், மக்கிய எரு, தும்புத்தூள் (தென்னை நார்த்தூள்) மூன்றும் சம பங்கு. தும்புத்தூளை வாங்கியவுடன் கொட்டிவிடாதீர்கள். வாளியில் ஊறவைத்துப் பிழிந்தால் முதல் தண்ணீர் கடும் பழுப்பாக இறங்கும். அந்த நிறம் வெளுக்கும் வரை மூன்று நாலு முறை அலச வேண்டும். மட்டையின் துவர்ப்பும், சில சமயம் உப்பும் அதில் இருக்கும். தொட்டியின் அடியில் தேங்காய் உரிமட்டையை, நார்ப்பக்கம் மேலே பார்க்க அடுக்கினால் வெயில் மாதங்களில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பாத்திரம் எதுவாகவும் இருக்கலாம், பெயின்ட் வாளிதான் நெடுநாள் உழைக்கிறது. உரப்பை, அரிசிப்பை மலிவென்று எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் இந்த வெயிலில் பையின் மேல்விளிம்பு முதலில் வெளிறும், பிறகு தொட்டால் நூல் நூலாக உதிரும். தூக்கி நகர்த்தும்போது அடி விட்டுவிடும், பிளாஸ்டிக் துணுக்கு முழுவதும் மண்ணில் கலந்துவிடும். பையைத்தான் பயன்படுத்துவதென்றால் சாக்குத்துணியால் போர்த்தி வையுங்கள்.

உப்புவெளி, நிலாவெளி என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் கிணற்றுத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் இனிக்கிற கிணறு வெயில் ஏறும்போது கரிக்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் உப்பு மேல்மண்ணில் வெள்ளையாகப் படியும். ஊற்றுவதென்றால் அடித்துளை வழியாக ஒழுகும் அளவுக்கு ஊற்ற வேண்டும், அப்போது உப்பும் கழுவிக்கொண்டு போகும். இலையில் படக் கூடாது. போஞ்சியும் (பீன்ஸ்) வெங்காயமும் உப்பைத் தாங்காது, பீட்ரூட் தாங்கும். நாற்றுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் கொடுங்கள்.

மழைத் தண்ணீர் என்றதும் கொசு நினைவுக்கு வர வேண்டும். டெங்கு இந்த நாட்டில் விளையாட்டல்ல. நுளம்பு பெருகும்படி தண்ணீர் தேங்க விடுவது 2007ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், டயர்த் தொட்டி வேண்டவே வேண்டாம், மழைநீர்ப் பீப்பாய்க்கு வலை கட்டுங்கள்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு இன்னொரு விருந்தாளி உண்டு. பிரெட்ரிக் கோட்டையில் மட்டும் மான்கள் இருப்பதாக எண்ணித் தரையில் தொட்டி வைக்கிறவர்கள் விடியற்காலையில் வெறும் தண்டைப் பார்க்கிறார்கள். புள்ளிமான்கள் இங்கே தெருத்தெருவாக வருகின்றன, வாசற்கதவு சாத்தியிருந்தால் சுவருக்கு மேலே எட்டியும் மேய்கின்றன. அவற்றை விரட்டியடிப்பது முறையல்ல, ஊர்க்காரர்களுக்கும் பிடிக்காது. தொட்டியை மாடிக்கு ஏற்றிவிடுங்கள். சமையலறைக் கழிவைப் பொலித்தீன் பையில் கட்டி வாசலில் வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், அது பையோடு மானின் வயிற்றுக்குள் போகும். கழிவைத் தும்புத்தூளோடு வாளியில் அடுக்கி மக்க விட்டால் அடுத்த புரட்டாசிக்கு எரு. மாடிக்குக் குரங்கு வரும். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

மிளகாய்ச் செடி சுருள்கிறது என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். இலைப்பேன் காய்ந்த வெயிலில்தான் பெருகும், இரண்டும் இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும். கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வாங்கி மேலே தெளிப்பதில் பயனில்லை. மோசமான நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, காலையில் இலையின் அடியில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெயைச் சில துளி சவர்க்காரக் கரைசலில் கலக்கி, வெயில் சாய்ந்த பிறகு அதே அடிப்பக்கத்துக்கு அடியுங்கள். இரகம் கேட்டால் விவசாயத் திணைக்களத்தின் எம்.ஐ.2, கே.ஏ.2 போதும். திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடை, 2022இல் எரிவாயு, எரிபொருள் தட்டுப்பாடு, அரசு ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் போடட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறை, எல்லாவற்றையும் பார்த்தவர்கள் அவர்கள். நாம் புத்தகத்தில் தேடுவது அவர்களுக்குக் கைப்பழக்கம்.

அடுப்பு. இங்கே வீட்டு எரிவாயு சிலிண்டர் 12.5 கிலோ, ஊரில் 14.2 கிலோ. அதே கணக்கில் சமைத்தால் ஒரு வாரம் முன்னதாகத் தீர்ந்துவிட்டதே என்று சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பீர்கள். எரிவாயுவை மிச்சப்படுத்தும் முதல் வழி, துவரம்பருப்பைத் தேடி அலைவதை நிறுத்துவது. விலையும் அதிகம், வேகவும் நேரம் எடுக்கும். இந்த ஊர் வீடுகளில் வேகும் மைசூர்ப் பருப்புக்குக் குக்கரே வேண்டாம். கழுவி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, மஞ்சள், இரண்டு பச்சைமிளகாய், ஒரு பிடி சின்ன வெங்காயம் போட்டு மூடினால் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம். ஆரஞ்சு நிறம் மறைந்து மஞ்சளாகும்போது மசியத் தொடங்கியிருக்கும். இரண்டாம் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் உப்புப் போட்டு இறக்கித் தாளியுங்கள். சாம்பாரும் இதிலேயே வரும், கொஞ்சம் இளகலாக இருக்கும். மாமியார் வரும்போது மட்டும் துவரம்பருப்பு வாங்கிக்கொள்ளலாம்.

தேங்காயை இங்கே எல்லாவற்றுக்கும் ஊற்றுகிறார்கள், நாமும் ஊற்றத் தொடங்கிவிடுகிறோம். 2024 இறுதியில் விலை எகிறியபோதுதான் பலர் யோசித்தார்கள். ஒரு தேங்காயை ஒரே கறியில் முடிக்காதீர்கள். முதற்பால் மீன் குழம்புக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு அல்லது முருங்கையிலைச் சொதிக்கு. பிழிந்த பூவைச் சிறுதீயில் ஈரம் போக வறுத்து, செத்தல்மிளகாய் (காய்ந்த மிளகாய்), மிளகு, உப்பு, கறிவேப்பிலையோடு இடித்தால் இரண்டு மூன்று நாளைக்குச் சோற்றுக்குப் பொடி. தயிருக்குப் பசும்பால் தேடாதீர்கள். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வரும். அதில் பாதியை மோராக்கினாலே குடும்பத்துக்குப் போதும். காலிச் சட்டியில் வல்லாரை வைக்கலாம், அடியில் துளை போட மறக்காதீர்கள்.

கருத்துப் பகுதியில் கேட்டவர்களுக்கு:

ஊரிலிருந்து விதை கொண்டுவரலாமா என்று கேட்ட தம்பி, கொண்டுவராதீர்கள். விமானமோ, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வரும் கப்பலோ, எதில் வந்தாலும் அனுமதியில்லாமல் விதை, செடி, மண் எதையும் உள்ளே கொண்டுவர முடியாது. 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அம்மா புடவை மடிப்பில் வைத்துத் தந்த வெண்டை விதை என்று சொன்னாலும் அதிகாரி பறித்துக்கொள்வார். இங்கே வெண்டை நன்றாகவே கிடைக்கிறது.

இட்லியைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு: உழுந்து விலை பார்த்து மலைக்காதே. தினம் இட்லி என்ற எண்ணத்தை விட்டு, வாரத்தில் நாலு நாள் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாறு. சிவப்பரிசி மாவு உழுந்தைவிட மலிவு. தோசைக்கு ஆறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உழுந்து போதும், ஒரு கரண்டி வெந்தயமும் ஒரு பிடி அவலும் சேர்த்து அரை. வைகாசி, ஆனியில் மாவு இரவு முழுக்கப் புளிக்கத் தேவையில்லை. மாலையில் அரைத்து வெளியே வைத்தால் படுக்கப் போகும் முன் பொங்கியிருக்கும், அப்போதே குளிர்சாதனப் பெட்டிக்குள் தள்ளிவிடு. உப்பை மறுநாள் ஊற்றும்போது போட்டுக்கொள்ளலாம்.