சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) ராங் சைடு: தப்பு வண்டி ஓட்டுகிறவர் மேலா, ரோடு மேலா?

பெருங்குடி பாலா:
ராங் சைடில் வருகிறவர்கள் மேல் இரக்கமே காட்டக் கூடாது என்பது என் கருத்து. சாயங்காலம் துரைப்பாக்கம் பக்கம் ரோட்டோரமாக நடந்து பாருங்கள். எதிரே ஹெட்லைட் போட்டுக்கொண்டு, ஹாரன் அடித்தபடி பைக்குகள் வரிசையாக வரும். நடக்கிறவர்தான் ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? நடு ரோட்டை மெட்ரோ வேலைக்கான தடுப்பு எடுத்துக்கொண்டது, ஓரத்தில் மழைநீர் வடிகால் மூடியில்லாமல் கிடக்கிறது.

2022-இல் நாட்டிலேயே அதிக விபத்து நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த வருடம் அக்டோபரில் ஹெல்மெட் அபராதத்தை 100 ரூபாயிலிருந்து 1,000 ஆக்கினார்கள். எங்கள் தெருவில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த ஹெல்மெட்டெல்லாம் அப்புறம்தான் தலைக்கு ஏறியது. எதிர்த்திசையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தமே ஆபத்தான ஓட்டம் என்று 184-வது பிரிவில் சேர்த்துவிட்டது. அதே கண்டிப்பை இங்கேயும் காட்டட்டும்.

கவிதா, சோழிங்கநல்லூர்:
பாலா சார், அதே 2019 திருத்தத்தில் 198-ஏ என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. ரோட்டை வடிவமைத்ததிலோ பராமரிப்பதிலோ பாதுகாப்பு விதியை மீறி, அதனால் ஒருவர் செத்தாலோ உடல் ஊனமானாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். 184-க்கு ரசீது போடுவதைப் பார்த்திருக்கிறோம். 198-ஏ-க்கு யாராவது பார்த்தீர்களா?

ஜனங்கள் இரண்டு பக்கமும் குடியிருக்கிற இடத்தில் எக்ஸ்பிரஸ்வே என்று பெயர் வைத்து ஆறு வழிச் சாலை போட்டார்கள். யூ-டர்ன் எங்கேயோ இருக்கிறது. எதிரே தெரிகிற மருந்துக் கடைக்கு அவ்வளவு தூரம் சுற்ற வேண்டும். நீங்கள் சொன்ன 2022 கணக்கையே எடுங்கள். நாடு முழுக்க நடந்த சாலைச் சாவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் வேகத்தால். ராங் சைடால் சுமார் 5 சதவீதம். அந்த வேகத்துக்கு அழைப்பு வைப்பதே இப்படி அகலமாக, நேராகப் போட்ட ரோடுதான்.

பெருங்குடி பாலா:
அதற்காக ரோட்டு நடுவிலுள்ள மீடியனை நூறடிக்கு ஒரு இடத்தில் திறந்துவிட முடியுமா? ஒவ்வொரு திறப்பும் ஒரு மோதல் இடம். குறுக்கே திரும்புகிற வண்டிகளால் நெரிசலும் இடியும் என்றுதான் சந்திப்புகளை மூடி யூ-டர்ன் ஆக்கினார்கள். வேகத்துக்கும் வரம்பு இருக்கிறது. மதிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

டெலிவரி தம்பி:
அண்ணா, நான் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். எங்கள் ஆட்கள் ஏன் ராங் சைடில் வருகிறார்கள் என்று சொல்கிறேன். கடையிலிருந்து பார்த்தால் கஸ்டமர் அபார்ட்மெண்ட் கேட் கண்ணுக்குத் தெரியும், ஆனால் அது நாங்கள் வந்த வழியில் பின்னால் இருக்கும். சரியாகப் போனால் முன்னே இருக்கிற யூ-டர்ன் வரை போய், எதிர்ப்பக்கம் திரும்பி வந்து, மறுபடி ஒரு யூ-டர்ன். பெட்ரோல் எங்கள் காசு. லேட்டானால் ரேட்டிங் போகும், அடுத்த ஆர்டர் குறையும். போலீஸ் பிடித்தால் அபராதமும் எங்களுக்குத்தான். நேரத்தை வைத்து விரட்டுகிற கம்பெனிக்கு ஒரு ரூபாய் அபராதம் கிடையாது.

எமர்ஜென்சி வார்டு நர்ஸ்:
இதில் நான் பாலா சார் பக்கம். நேருக்கு நேர் மோதும்போது இரண்டு வண்டியின் வேகமும் சேர்ந்து அடிக்கும். ஹெல்மெட்டும் பல பேருக்கு உதவுவதில்லை, ஏனென்றால் தாடைப் பட்டை போட்டிருக்க மாட்டார்கள். மோதின வேகத்தில் ஹெல்மெட் தனியாகப் போய்விடும், தலை தார் ரோட்டில் அடிபடும். தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம்தான். ஆனால் மூளையில் ரத்தம் கட்டிய பிறகு நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். காரணம் எதுவானாலும் எதிர்த்திசையில் வராதீர்கள், தம்பி.

கவிதா, சோழிங்கநல்லூர்:
சிஸ்டர், நீங்கள் சொல்வதில் ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை. நான் கேட்பது நடக்கிறவர்களுக்காகவும்தான். 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி கொள்கை போட்டது. ஆனால் ரோட்டைக் கடக்க வழி கேட்டால் நடைமேம்பாலம் காட்டுகிறார்கள். முட்டி வலியோடு என் அம்மா அந்தப் படியெல்லாம் ஏறி இறங்குவாரா? கையைக் காட்டிக்கொண்டே ரோட்டில் இறங்கிவிடுகிறார். தரையிலேயே கடக்க சிக்னல் வையுங்கள். வண்டிகள் நின்று போனால் வேகமும் குறையும்.

பெருங்குடி பாலா:
சிக்னலுக்கு மனு போட்டால் முதல் கையெழுத்து என்னுடையது. ஆனால் அது வரும்வரை அபராதத்தை நிறுத்தச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ரோட்டோரம் நடக்கிறவருக்கு இன்றைக்கே பாதுகாப்பு வேண்டும்.

கவிதா, சோழிங்கநல்லூர்:
நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே இடத்தில் தினமும் ராங் சைடு வண்டிகள் பிடிபட்டால், அந்தக் கணக்கைப் போலீஸ் ரோடு போட்டவர்களுக்கும் அனுப்பட்டும் என்கிறேன். அந்த இடத்தில் என்ன மாற்றினார்கள் என்று ஆறு மாதத்தில் பதில் சொல்லட்டும். மனுவில் இதையும் சேர்த்தால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

டெலிவரி தம்பி:
கம்பெனி விஷயத்தையும் சேருங்கள் அக்கா. எங்கள் ஆட்கள் கையெழுத்தை நான் வாங்கித் தருகிறேன்.