பொருள்: மறு: "டீகிரேடட்" வட்டணி – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

சர்வரின் வட்டணியில் (பல வன்வட்டுகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அமைப்பு, ஆங்கிலத்தில் ரெய்டு, RAID) ஒரு வன்வட்டு செயலிழந்ததும் திரையில் வரும் "டீகிரேடட்" எச்சரிக்கைக்கு "தரமிறங்கிய", "சீரழிந்த" என்ற இரண்டு பரிந்துரைகள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலையிலும் வட்டணி கோப்புகளைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது, தரவு தொலையவில்லை. "சீரழிந்த அணி" என்று படிப்பவர் பதறிப்போய் சர்வரை அணைத்துவிடுவார், வட்டுகளைக் கழற்றி மாட்டத் தொடங்குவார். "தரமிறங்கிய" என்று படிப்பவரோ வேகம்தான் சற்றுக் குறைந்திருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். உண்மையில் போனது காப்பு, அதாவது ஒரு வட்டு போனாலும் தரவு தொலையாமல் காக்கும் ஏற்பாடு. ரெய்டு 5 வகை வட்டணியில் ஒரு வட்டு போன பிறகு இன்னொன்றும் போனால் மொத்தத் தரவும் போய்விடும். ஆகவே "காப்பிழந்த அணி" என்பது என் பரிந்துரை. (ரெய்டு என்றாலே செய்தித்தாள் வாசகருக்கு வருமான வரிச் சோதனைதான் நினைவுக்கு வரும். அதனால் பொதுவாகப் பேசும் இடங்களில் "வட்டணி" என்றே எழுதுவோம்.)

"ரீபில்டு" என்பதற்கு "மீள்கட்டமைப்பு" என்றால் இருக்கும் அணியைக் கலைத்துவிட்டு மறுபடி அமைப்பதுபோல் ஒலிக்கிறது. நடப்பது வேறு. எஞ்சிய வட்டுகளைத் தொடக்கம் முதல் கடைசி வரை படித்து, இல்லாமற்போன வட்டில் என்ன இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, புதிய வட்டில் எழுதுகிறது. "மீள்நிரப்பல்" இதற்குப் பொருந்தும். பெரிய வட்டுகளில் இது பல மணிநேரம், சில வேளை நாள்கணக்கிலும் ஓடும். நெடுங்காலம் யாரும் தொடாத பகுதிகள்கூட அப்போதுதான் படிக்கப்படுகின்றன. சாதாரண வன்வட்டுகள் பலவற்றின் விவரத்தாளில், சுமார் 12.5 டெராபைட் படித்தால் மீட்க முடியாத பிழை ஒன்று வரை வரலாம் என்ற வரம்பு இருக்கும். மீள்நிரப்பலை நான் அஞ்சுவது இதனால்தான்.

இதே காரணத்தால் "ரிப்ளேஸ்" கட்டளைக்குத் தனிச்சொல் வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். வட்டு இன்னும் முழுதாகச் சாகவில்லை. ஆனால் ஸ்மார்ட் அறிக்கையில் (வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிந்து தரும் பட்டியல்) 5-ஆம் பண்பும் (பழுதானதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள், அதாவது வட்டின் சிறு பகுதிகள்) 197-ஆம் பண்பும் (படிக்க முடியாமல் நிலுவையில் உள்ளவை) ஏறிக்கொண்டே போகின்றன. உடனே அதை உருவிவிடுவது பலரின் வழக்கம். காலி இடம் இருந்தால் புதிய வட்டை முதலில் செருகுங்கள். பழையது உள்ளே இருக்கும்போதே அதிலிருந்து நேராகப் படியெடுக்க லினக்ஸின் மென்பொருள் ரெய்டு வழி தருகிறது. படிக்க முடியாத துண்டுகளை மட்டும் மற்ற வட்டுகளைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளும். இதைப் "பதிலீடு" என்போம். பதிலீடும் மீள்நிரப்பலும் கையேட்டில் ஒரே சொல்லாக வந்தால், படிப்பவர் ஆபத்தான வழியையே எடுப்பார்.

சர்வரை அணைக்காமலே வட்டை மாற்றும் "ஹாட் ஸ்வாப்" என்பதற்குச் "சூடான மாற்று" தயவுசெய்து வேண்டாம். "ஓடுநிலை மாற்றம்" போதும்.

கடைசியாக ஒன்று. "சீரியல் நம்பர்" என்பதை "வரிசை எண்" என்று பல கையேடுகள் எழுதுகின்றன. அதைப் படிக்கும் தொழில்நுட்பர் மூன்றாவது வட்டு, நான்காவது வட்டு என்று எண்ணத் தொடங்கினால், நல்ல வட்டு கையோடு வந்துவிடும். ஏற்கெனவே காப்பிழந்த அணி அதோடு முடிந்தது. லினக்ஸ் வைக்கும் வட்டுப் பெயர்களும் மறுதொடக்கத்துக்குப் பின் மாறக்கூடியவை. ஒட்டுத்தாளில் அச்சாகியிருக்கும் எண்ணை ஸ்மார்ட் அறிக்கையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே கைப்பிடியை இழுக்க வேண்டும். எனவே "தயாரிப்பு எண்" என்று எழுதலாமா?

---

மறுமொழி:

ஐயா, "தயாரிப்பு எண்", "பதிலீடு", "மீள்நிரப்பல்" மூன்றும் எனக்கு உடன்பாடே. "காப்பிழந்த" மட்டும் இடிக்கிறது. ரெய்டு 6 இரண்டு வட்டுகளின் இழப்பைத் தாங்கும். அங்கே ஒன்று போனால் காப்பு குறைகிறது, ஆனால் இருக்கிறது. திரையில் "காப்பிழந்தது" என்று கண்டால் நிர்வாகி அவசரப்படுவார். அவசரத்தில்தான் தவறான வட்டு உருவப்படுகிறது. மென்பொருளுக்கு எத்தனை வட்டு போனது என்பது தெரியும். ஆகவே ஒரே சொல்லை எல்லா நிலைக்கும் போடாமல், மொழிபெயர்ப்புக் கோப்பில் இரண்டு சரங்களாக (திரையில் காட்டும் தனித்தனி வாசகங்களாக) பிரித்துவிடலாம்:

"காப்பு குறைந்தது: இன்னும் 1 வட்டின் இழப்பைத் தாங்கும்."

"காப்பு இல்லை: இனி ஒரு வட்டு போனாலும் தரவு போய்விடும்."

மூல நிரலில் இது ஒரே சரமாக இருப்பதால், பிரித்துத் தருமாறு நிரலாளர்களிடம் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கையை நான் எழுதி அனுப்புகிறேன்.