புதுப்பிப்பு: தொப்பூர் ஏற்றத்தில் ரெக்கவரி வண்டிக்கு வாட்டர்-மெத்தனால்

டீசல் ரெக்கவரி வண்டிக்கு வாட்டர்-மெத்தனால் கிட் (இன்ஜினுக்குள் போகும் காற்றில் தண்ணீர்-மெத்தனால் கலவையைத் தெளித்துக் குளிர்விக்கும் அமைப்பு) மாட்டுவது பற்றிய முந்தைய பதிவில், 5 பிஎஸ்ஐ டர்போ அழுத்தத்திலேயே தெளிப்பைத் தொடங்கலாம் என்று எழுதியிருந்தேன். அது தவறு. அந்தச் சுமையில் சிலிண்டரில் சூடு போதாது. எரிப்பு அணைந்து வெள்ளைப் புகை வரும். தெளிப்பைத் தொடங்கும் சுவிட்சை 12–15 பிஎஸ்ஐயில் வையுங்கள். சேலம் பக்கமிருந்து பழுதான லாரியை இழுத்து ஏறும்போதுதான் இது தேவை. இறக்கத்தில் பம்ப் ஓடவே கூடாது.

பெரிய ஆபத்து சொட்டுதான். கேபினுக்குப் பின்னால் உள்ள கலவை டேங்க், தெளிக்கும் முனையான நாசிலைவிட உயரம். வண்டி நிற்கும்போது கலவை தானாக இறங்கி இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பைப்பில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் அது சிலிண்டருக்குள் போகும்; தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். நாசிலை ஒட்டியே சோலினாய்டு வால்வு (மின்சாரம் வந்தால் மட்டும் திறக்கும் வால்வு) போட்டு, பம்ப் வயரோடு சேர்த்துவிடுங்கள். பிறகு நாசிலைக் கழற்றி ஒரு டம்ளருக்கு மேல் பிடியுங்கள். பம்ப்பை ஓட்டி நிறுத்திய பத்து நிமிடத்தில் ஒரு சொட்டுகூட விழக்கூடாது.

தருமபுரி போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நாசில் வலையில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்து, தெளிப்பு பனிபோல் விரியாமல் ஒற்றைக் கோடாகப் பீய்ச்சும். அரை மணி வினிகரில் ஊறவைத்தால் கரையும். காய்ச்சி வடித்த பேட்டரி தண்ணீர் பாதி, மெத்தனால் பாதி. அதற்கு மேல் மெத்தனால் கூடாது. நிமிடத்துக்கு 200 மில்லி நாசிலுக்கு 10 லிட்டர் 50 நிமிடம் வரும்.

மெத்தனால் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது, தோல் வழியாகவும் விஷம் ஏறும். கையுறை கட்டாயம். டேங்கில் ‘விஷம்’ என்று பெரிதாக எழுதுங்கள்.