கடைக்கு எந்த பார்கோடு ஸ்கேனர் வாங்கலாம்?

கேள்வி: பில்லிங்குக்கு ஒண்ணு, பின்னாடி குடோனுக்கு ஒண்ணு வாங்கணும். லேசரே போதுமா, இல்ல டூடி (2D, கேமரா மாதிரி படம் பிடிச்சு படிக்கிற வகை) எடுக்கணுமாங்க? விலை வித்தியாசத்துக்கு ஏத்த பலன் இருக்கா?

பதில் 1: டூடி இமேஜரே எடுங்க. லேசர் கோடு கோடா இருக்கிற பார்கோட மட்டும்தான் படிக்கும், க்யூஆர் வராது, போன் ஸ்கிரீன்ல காட்டுற கோடும் பெரும்பாலும் எடுக்காது. டூடி ரெண்டையும் படிக்கும், லேபிள் கொஞ்சம் கிழிஞ்சிருந்தாலும் டூடி கோடுல எரர் கரெக்‌ஷன் (அழிஞ்ச பகுதிய மீட்டெடுக்கிற வசதி) இருக்கிறதால பல சமயம் படிச்சிடும். யூஎஸ்பி மாடல் கீபோர்டு மாதிரியே வேலை செய்யும், தனி சாஃப்ட்வேர் பொதுவா வேண்டாம்.

பதில் 2: குடோனுக்கு அதே மாடல் சரிப்படாதுங்க. மேல் ரேக்ல இருக்கிற லேபிள கீழ நின்னு படிக்கணும்னா லாங் ரேஞ்ச் மாடல்தான் வேணும், கான்கிரீட் தரையில எவ்ளோ உயரத்துல இருந்து விழுந்தா தாங்கும்னு ஸ்பெக்ல பாருங்க, தூசிக்கு ஐபி65 (தூசி உள்ள போகாதுன்னு காட்டுற தரக்குறியீடு) இருந்தா நல்லது. கார்ட்லெஸ்னா பேட்டரி மாத்த முடியுமான்னு கேட்டுக்கோங்க.

பதில் 3: கிளினிக்குக்கு பாக்குறவங்களுக்கும் சொல்லிடறேன், கிருமிநாசினி போட்டு தினமும் துடைக்கணும், சாதாரண பிளாஸ்டிக்ல நாளடைவில விரிசல் விழலாம், அதுக்குன்னே ஹெல்த்கேர் மாடல் இருக்கு. நோயாளி தூங்கும்போது பீப் வேண்டாம், வைப்ரேஷன் இருக்கான்னு பாருங்க. மருந்து பாக்கெட்ல டேட்டாமேட்ரிக்ஸ் (க்யூஆர் மாதிரி சதுரமான ஒரு டூடி கோடு) சின்னதா இருக்கும், வாங்குறதுக்கு முன்னாடி உங்க பாக்கெட்டயே குடுத்து டெமோ கேளுங்க.