புதுப்பிப்பு: பழைய பிரியஸ், ஓயாத பிரேக் பம்ப்

டொயோட்டாவின் ஹைப்ரிட் காரான மூன்றாம் தலைமுறை பிரியஸில் பிரேக் பம்ப் அடிக்கடி உறுமினால், பெடலை மிதிக்கும்போது பிரேக் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டரைப் பாருங்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். "பிரேக் ஆயில் குறையவில்லையே, கசிவு எங்கே?" என்று பலர் கேட்டீர்கள். கசிவு உள்ளேதான். பம்ப் ஏற்றும் அழுத்தத்தைச் சேமித்து வைப்பது அக்யுமுலேட்டர். அதில் சேர்ந்த அழுத்தம் பழுதான வால்வு வழியாக ஆயில் தொட்டிக்கே திரும்பிவிடும். தரையில் ஒரு சொட்டும் விழாது. குறைந்த அழுத்தத்தை மறுபடி ஏற்றத்தான் பம்ப் ஓயாமல் ஓடுகிறது.

காரை ரெடியில் (ஓட்டத் தயாரான நிலையில்) வைத்து, பெடலைத் தொடாமல் காது கொடுங்கள். பம்ப் சும்மா சும்மா ஓடினால் காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் சி1391 (அக்யுமுலேட்டர் அழுத்தம் கசிகிறது என்ற குறியீடு) வர வாய்ப்பு அதிகம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் ஹாஃப்கட் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) பூஸ்டர் தேடுபவர்களுக்கு: அதுவும் அதே வயதுதான், நான் பரிந்துரைக்கமாட்டேன். எதை மாற்றினாலும் ஸ்கேனர் வைத்தே பிரேக் குழாய்களில் காற்றெடுத்து, பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் லீனியர் வால்வைச் சீரமைக்க வேண்டும். அந்தக் கருவி இல்லாத பட்டறையில் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

சிவப்பு பிரேக் விளக்கும் எச்சரிக்கை பஸரும் சேர்ந்து வந்தால் தோட்டத்து இறக்கத்தில் ஓட்டாதீர்கள். டோ டிரக்கைக் கூப்பிடுங்கள்.