கர்னல் சேம்பர்லினும் பட்டினியோடு வந்த 120 பேரும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் குடியிருக்கும் பிரன்ஸ்விக், மெய்ன் மாநிலத்துச் சிற்றூர். இங்குள்ள போடின் கல்லூரிக்கு அருகே, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட ஒரு வீடு இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தன்னார்வக் காலாட்படைக்குப் போன ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லின் என்ற பேராசிரியர் வாழ்ந்த வீடு அது. அவரைப் பற்றிப் பேசுவோர் 1863இல் கெட்டிஸ்பர்க் சண்டையில் அவர் நின்ற குன்றிலிருந்தே தொடங்குவார்கள். அதற்கு ஐந்தாறு வாரங்கள் முன்பு நடந்த ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் எண்ணம்.

1862இல் அவருக்கு வயது 33. போர்ப் பயிற்சி எதுவும் பெற்றவரல்லர். ஐரோப்பா சென்று மொழிகள் பயில்வதற்காகக் கல்லூரி கொடுத்த இரண்டாண்டு விடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் மாநில ஆளுநரிடம் போய்ப் படையில் சேர விரும்புவதாகச் சொன்னார். ரெஜிமென்ட் எனப்படும் தன்னார்வப் படைப்பிரிவுகளைத் திரட்டி அவற்றுக்கு அதிகாரிகளை நியமிப்பது அன்று ஆளுநரின் வேலை. முழுக் கர்னல் பதவியே தர முன்வந்தபோது, தொழிலை முதலில் கற்றுக்கொள்கிறேன் என்று அதை மறுத்து, 20ஆம் மெய்ன் ரெஜிமென்ட்டில் இரண்டாம் இடத்தை ஏற்றார். கர்னலாக வந்த அடெல்பர்ட் ஏம்ஸ் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்றவர், சேம்பர்லினைவிட வயதில் இளையவர். பகலெல்லாம் அணிவகுப்பு முடித்து, இரவில் அந்த இளைஞரிடம் பேராசிரியர் பாடம் கேட்டார்.

1863 மே மாதம் ஏம்ஸ் பதவி உயர்ந்து போக, ரெஜிமென்ட் சேம்பர்லின் கைக்கு வந்தது. அடுத்த சில நாள்களில், துப்பாக்கி முனைக் காவலோடு 120 பேர் அவரிடம் கொண்டுவந்து நிறுத்தப்பட்டார்கள். கலைக்கப்பட்ட 2ஆம் மெய்ன் ரெஜிமென்ட்டின் வீரர்கள் அவர்கள். மற்றவர்கள் இரண்டாண்டுக் கெடு முடிந்து ஊர் திரும்பியிருக்க, மூன்றாண்டுக்குக் கையெழுத்திட்டிருந்த இவர்களை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ரெஜிமென்ட்டோடு வந்தோம், ரெஜிமென்ட்டோடு போவோம் என்று அவர்கள் பணி செய்ய மறுத்தார்கள். ஓர் ஊர்க்காரர்கள் ஒன்றாகப் போய்ச் சேர்ந்த படைக்கு இந்த நியாயம் புரியாத நியாயமல்ல. பணியாவிட்டால் சுட்டுவிடலாம் என்பது சேம்பர்லினுக்கு வந்த உத்தரவு. அவரோ, தம் போக்கில் கையாள மேலதிகாரியிடம் அனுமதி பெற்றுக்கொண்டு, காவலை விலக்கி, நாள் கணக்கில் சாப்பாடில்லாமல் வந்தவர்களுக்கு முதலில் உணவு கொடுக்கச் செய்தார். பிறகு அவர்களை ஒரே கூட்டமாக வைக்காமல் தம் ரெஜிமென்ட்டின் உட்பிரிவுகளான பல கம்பெனிகளில் பிரித்துச் சேர்த்தார். அவர்கள் குறையை ஆளுநருக்கும் எழுதினார். மிகச் சிலரைத் தவிர எல்லோரும் துப்பாக்கி எடுத்தார்கள்.

ஜூலை 2 அன்று கெட்டிஸ்பர்க்கின் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றில், சேம்பர்லின் சேர்ந்திருந்த வடபுலத்துப் படை வரிசையின் இடது கோடியில் நின்றது சுமார் 386 பேர் கொண்ட இந்த ரெஜிமென்ட்தான். தலைக்கு 60 தோட்டா. எதிரிகளான தென்புலத்து அலபாமாப் படையினர் இடப்புறமாகச் சுற்றி வருவதைக் கண்ட சேம்பர்லின், தம் வரிசையை நீட்டி, அதன் பாதியைப் பின்னோக்கி மடித்து நிறுத்தினார். பயிற்சியில்லாத படை துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே இப்படித் திரும்பினால் கலைந்துவிடும். ஏம்ஸ் வாங்கிய வேலையின் பலன் அங்கே தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் போல மலைச்சரிவில் முன்னும் பின்னுமாகச் சண்டை நடந்தது. அந்த மடிப்பின் முனையில், சுற்றியிருந்தவர்கள் விழுந்த பின்னும் கொடியை விடாமல் நின்ற ஆண்ட்ரூ டோசியர், 2ஆம் மெய்னிலிருந்து வந்தவர். தோட்டா தீர்ந்ததும் துப்பாக்கிக் கத்தியோடு சரிவில் பாய்ந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் சரணடைந்தார்கள்.

அந்தப் பாய்ச்சலின் முழுப் பெருமையையும் சேம்பர்லினுக்கே கொடுத்துவிட நான் தயாரில்லை. தமக்கு உத்தரவு எதுவும் வந்து சேரவில்லை என்று அவருக்குக் கீழே பணியாற்றிய அதிகாரி எல்லிஸ் ஸ்பியர் பிற்காலத்தில் எழுதினார். பின்வாங்குவதாக ஏற்கெனவே முடிவெடுத்திருந்தேன் என்றார் எதிர்ப்படையின் கர்னல் ஓட்ஸ். சேம்பர்லினுடைய சொந்த விவரிப்பும் ஆண்டுக்கு ஆண்டு சற்று வளர்ந்தது, வாத்தியார் அல்லவா! அவருக்கு 1893இலும் டோசியருக்கு 1898இலும் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

1864 ஜூன் 18 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு குண்டு அவர் இடுப்பை ஊடுருவியது. விழுந்தால் வீரர்கள் தளர்வார்கள் என்று வாளைத் தரையில் ஊன்றி நின்றார். பிழைக்க மாட்டார் என்று எண்ணி வடபுலப் படைகளின் தலைவர் ஜெனரல் கிராண்ட் அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். ஊர்ப் பத்திரிகைகள் இரங்கல் செய்தியும் போட்டுவிட்டன. அவரோ சில மாதங்களில் படைக்குத் திரும்பி, மறு ஆண்டு அப்பொமாட்டாக்ஸில் சரணடைந்த தென்புலப் படையினர் ஆயுதங்களை வைத்தபோது அங்கே நின்றார். பிறகு நான்கு முறை ஆளுநர், பல ஆண்டுகள் அதே கல்லூரியின் தலைவர். இடுப்புக் காயம் மட்டும் ஆறவேயில்லை. பலமுறை அறுவை செய்தும் சீழ் வைத்துக்கொண்டே இருந்தது. 1914 பிப்ரவரியில், 85ஆம் வயதில், அதுவே அவர் உயிரைக் கொண்டுபோனது.