புதுப்பிப்பு: கர்ப்பத்தில் கூடிய தைராய்டு, மாத்திரை இல்லாமலே இறங்கியது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. 10ஆவது கிழமையில் ஓயாத வாந்தி, படபடப்பு, டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு கூடினால் இது குறையும்) 0.02 என்றதும் பயந்துபோய், தைராய்டு மாத்திரை தொடங்கத்தான் வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பிளேன்டீ கோப்பையைத் தூக்கினால் சாசரில் தட்டிக்கொண்டே இருக்கும், அப்படியொரு கை நடுக்கம்.

கைகொடுத்தது, பதில் எழுதியவர்களில் பண்டாரவளை அக்கா சொன்னதுதான்: மாத்திரை தொடங்கும் முன் தைராய்டைத் தூண்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் டிராப் பரிசோதனை பற்றி டொக்டரிடம் கேட்கச் சொன்னார். ஹட்டனில் கொடுத்த ரத்தம் கண்டிக்குப் போய் ரிப்போர்ட் வர ஒன்பது நாள். நெகட்டிவ். அப்போ இது கிரேவ்ஸ் நோயாக (அந்த எதிர்ப்பொருளால் தைராய்டு கூடும் நோய்) இருக்காது, கர்ப்ப ஹார்மோன் எச்.சி.ஜி. தைராய்டைத் தூண்டிவிட்டிருக்கிறது என்றார் டொக்டர். வாந்திக்கு மருந்தும் சேலைனும் மட்டும்தான். 18ஆவது கிழமையில் டி.எஸ்.எச். 0.9, சாதாரண அளவுக்கு வந்துவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. கிளினிக்கில் பக்கத்தில் இருந்த ஒரு தங்கச்சிக்கும் இதே படபடப்புதான், ஆனால் டிராப் பொசிட்டிவ். அவருக்கு பி.டி.யூ. என்ற தைராய்டைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தார்கள், அதே வேலை செய்யும் கார்பிமசோல் முதல் மூன்று மாதத்தில் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கலாம் என்பதால் தவிர்ப்பார்களாம். அதனால் என் கதையைப் பார்த்து யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.